மருந்துக்குக் கேட்காத பாக்டீரியாவும் மூலிகைச் சாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கல்லூரி மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகளுக்கும் வழிகாட்டுகிறேன். "வேப்பிலைச் சாறு சூப்பர்பக்கைக் கொல்கிறதாமே, அப்புறம் எதற்கு இத்தனை விலை கொடுத்து ஊசி?" என்று கேட்காத உறவினர் எனக்கு இல்லை. சூப்பர்பக் என்பது ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியா. மாணவர்கள் கேட்பது வேறு மாதிரி. இரண்டு தரப்பின் கேள்விகளையும் சேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

"உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்கிறார்களே, பாக்டீரியா மருந்துக்குக் கேட்காமல் போவது அதுதானா?

இல்லை. உங்கள் உடம்பு அப்படியேதான் இருக்கிறது, மாறியது பாக்டீரியா. ஆன்டிபயாட்டிக்கைச் சமாளிக்க அதனிடம் நான்கு வழிகள் உண்டு. மருந்தை வெட்டிப்போடும் நொதியைச் சுரக்கும். மருந்து போய் ஒட்டவேண்டிய இடத்தை மாற்றி அமைத்துக்கொள்ளும். உள்ளே வந்த மருந்தைப் பம்பு வைத்து வெளியே இறைத்துவிடும். நான்காவது, மருந்தை உள்ளேயே விடாது. இந்த நான்கையும், குறிப்பாகப் பம்பை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செடிகளின் கதை முழுக்க அதைச் சுற்றித்தான் வரும்.

மெத்திசிலின் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்த சூட்டோடு, 1961இலேயே, அதற்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இங்கிலாந்தில் பதிவானது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று நாம் சொல்வது அதைத்தான். நம் பக்கத்துக் கதை என்.டி.எம்-1. கார்பபெனம் போன்ற கடைசிக்கட்ட மருந்துகளையே வெட்டிப்போடும் நொதி அது. சென்னை, ஹரியானா உள்ளிட்ட இடங்களில் அது பரவியிருப்பதைக் காட்டிய 2010ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. மருந்துக்குக் கேட்காத பாக்டீரியாவால் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்பது லான்செட் மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு.

சரி, வேப்பிலை, மஞ்சள், பூண்டு இவையெல்லாம் பாக்டீரியாவைக் கொல்லுமா, கொல்லாதா?

ஆய்வகத் தட்டில் பல செடிகளின் சாறு பாக்டீரியாவை வளரவிடாமல் தடுக்கிறது. அதில் சந்தேகமே வேண்டாம். செடிக்கும் நோய் வரும், மருத்துவரிடம் போக அதற்குக் கால் கிடையாது. தன்னைக் காத்துக்கொள்ள அதுவே ஆல்கலாய்டு, டானின், ஃபிளேவனாய்டு, வாசனை எண்ணெய் என்று விதவிதமாகத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் தட்டில் தடுப்பது ஒரு சேதி, நோயாளியைக் குணப்படுத்துவது இன்னொரு சேதி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தட்டில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

பாக்டீரியா வளர உதவும் கூழான அகாரை, முல்லர் ஹின்டன் என்ற வகையை, பெட்ரி தட்டில் ஊற்றி உறையவிடுவார்கள். அதன்மேல் பாக்டீரியாக் கரைசலைப் பஞ்சுக் குச்சியால் ஒரே சீராகத் தடவவேண்டும். கரைசலின் கலங்கல் 0.5 மக்ஃபார்லண்ட் என்ற அளவோடு ஒத்திருக்க வேண்டும். அது மி.லி.க்கு ஏறக்குறைய 15 கோடி பாக்டீரியா. பிறகு அகாரில் சிறு குழி வெட்டிச் சாற்றை விடுவார்கள், அல்லது சாற்றில் நனைத்த 6 மி.மீ. காகித வில்லையை வைப்பார்கள். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கப் பாக்டீரியா படர்ந்திருக்கும், சாறு இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம். அந்த வட்டத்தைத்தான் ஜோன் என்கிறோம். அதன் விட்டத்தை மி.மீ.யில் அளப்போம்.

முதன்முதலில் அந்த வட்டத்தைப் பார்க்கும் மாணவியின் முகம் மலர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது நியாயமான சந்தோஷம்தான்.

என் செடிச் சாற்றுக்கு 20 மி.மீ. ஜோன், பக்கத்தில் வைத்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கும் 20 மி.மீ. அப்படியானால் இரண்டும் ஒரே வலிமைதானே?

இந்த ஒரு கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன.

முதலில், நீங்கள் எவ்வளவு வைத்தீர்கள்? சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம். உங்கள் குழியில் மி.லி.க்கு 100 மி.கி. என்ற அடர்த்தியில் 100 மைக்ரோலிட்டர் விட்டிருந்தால், உள்ளே போனது 10 மி.கி. அதாவது 10,000 மைக்ரோகிராம். இரண்டாயிரம் மடங்கு. ஜோன் ஒரே அளவு என்பதால் வலிமை ஒன்று என்று சொல்லவே முடியாது.

அடுத்து, ஜோனின் அளவு கொல்லும் திறனை மட்டும் காட்டுவதில்லை, அகாருக்குள் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. எண்ணெய்ப் பசையுள்ள பொருள் நீர்ப்பாங்கான அகாரில் நகரவே சிரமப்படும். நல்ல மருந்துப்பொருளாகவே இருந்தாலும் சின்ன ஜோன்தான் தரும். சுலபமாகக் கரைந்து ஓடும் சாதாரண அமிலம் பெரிய ஜோன் தந்துவிடும்.

அதனால் குறைந்தபட்சத் தடுப்பு அடர்த்தியைப் பார்க்க வேண்டும். நாங்கள் எம்.ஐ.சி. என்போம். 96 குழி கொண்ட தட்டில் சாற்றைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்தக் குழி வரை பாக்டீரியா வளரவில்லை என்று பார்க்கும் முறை. கச்சாச் சாற்றுக்கு மி.லி.க்கு 100 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ வந்தால் கவனிக்கத்தக்கது, 1 மி.கி.க்கு மேல் என்றால் பொருட்படுத்த வேண்டாம் என்பது இத்துறையில் பலரும் ஏற்றுக்கொண்ட வரம்பு. பிரித்தெடுத்த தனிப்பொருள் என்றால் 10 மைக்ரோகிராமுக்குள் வரவேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் சாற்றின் எம்.ஐ.சி. மி.லி.க்கு 5 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம். அதில் மட்டும் அந்த அடர்த்தி வரவேண்டுமானால் 25 கிராம் சாறு, தண்ணீர் வற்றிய கெட்டிச் சாறு, இரத்தத்தில் கரைந்து நிற்க வேண்டும். நூறு கிராம் காய்ந்த இலையிலிருந்து பத்து கிராம் சாறு கிடைப்பதாக வைத்தால் கால் கிலோ இலை. அத்தனையும் குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைத் தாண்டி, சிதையாமல் வரவேண்டும். நடக்காது. 500 மி.கி. சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை ஒன்று இரத்தத்தில் மி.லி.க்கு இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் தருகிறது. மருந்துக்குக் கட்டுப்படும் ஈ.கோலை பாக்டீரியா கால் மைக்ரோகிராமிலேயே அடங்கிவிடும். மருந்து என்றால் அதுதான் விகிதம்.

வாய், தோல், புண் ஆகிய இடங்களில் நேரடியாகப் பூசும்போது இந்தக் கணக்கு மாறும். அங்கே அதிக அடர்த்தியைக் கொண்டுவர முடியும். செடிப்பொருள்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கும் இடம் அது.

நீரில் கொதிக்கவைத்து எடுப்பதா, மெத்தனாலில் ஊறவைப்பதா? எது சரி?

எந்தப் பொருளைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியாவைத் தடுக்கும் அல்லிசின் என்ற பொருள் முழுப் பல்லில் கிடையாது. நசுக்கும்போதுதான் அல்லியின் என்ற பொருளை ஒரு நொதி அல்லிசினாக மாற்றுகிறது. நசுக்காமல் வேகவைத்தால் நொதி செத்துவிடும், அல்லிசின் உருவாகவே உருவாகாது. "பூண்டில் ஒன்றுமில்லை" என்று அந்த மாணவர் எழுதிவிடுவார்.

இதற்குப் பெரிய உதாரணம் பாக்டீரியாவில் இல்லை, மலேரியாவில் இருக்கிறது. சீன விஞ்ஞானி தூ யூயூ ஒரு மாசிப்பத்திரிச் செடியின் சாற்றைச் சோதித்தபோது ஒருமுறை பலித்தது, மறுமுறை பலிக்கவில்லை. பழைய வைத்திய நூலொன்று அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. அதைக் கவனித்துச் சூட்டைக் குறைத்து ஈதர் என்ற கரைப்பானில் எடுத்தார். ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்தது. 2015இல் நோபல் பரிசும் வந்தது. நம் வைத்திய நூல்களில் "இடித்துச் சாறெடு", "குடிநீரிடு", "எண்ணெயில் காய்ச்சு" என்று தனித்தனியாகச் சொல்லியிருந்தால், சோதனையிலும் அந்த வேறுபாட்டை மதியுங்கள்.

ஒன்று மறக்கக்கூடாது. சாற்றைக் கரைக்கும் கரைப்பான், மெத்தனாலோ டி.எம்.எஸ்.ஓ.வோ, தானே பாக்டீரியாவைத் தடுக்கக்கூடியது. கரைப்பானை மட்டும் விட்ட குழி ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தத் தட்டுக்கு மதிப்பே இல்லை.

இவ்வளவு சொல்கிறீர்கள், அப்படியானால் செடிகளால் பயனே இல்லையா?

நிறைய இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதையைச் சொல்கிறேன்.

மரமஞ்சள் தண்டை வெட்டினால் உள்ளே பளீரென்று மஞ்சளாக இருக்கும். அந்த நிறத்தைத் தருவது பெர்பெரின். வட அமெரிக்காவின் பெர்பெரிஸ் செடிகளிலும் அதே பொருள் உண்டு. பெர்பெரின் பாக்டீரியாவுக்குள் சேர்ந்தால் அதைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸிடம் நோர்-ஏ என்ற பம்பு இருக்கிறது, பெர்பெரினை உள்ளே வரவர வெளியே இறைத்துவிடும். அப்படியானால் செடி எதற்காக இந்தப் பயனற்ற பொருளைப் பாடுபட்டுச் செய்கிறது?

2000ஆம் ஆண்டில் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் குழுவினர் விடை கண்டார்கள். அதே பெர்பெரிஸ் செடியின் இலையில் 5-பிரைம்-மெத்தாக்ஸிஹிட்னோகார்ப்பின் என்று இன்னொரு பொருள் இருந்தது. தனியாக அது எந்தப் பாக்டீரியாவையும் ஒன்றும் செய்யாது. அதன் ஒரே வேலை நோர்-ஏ பம்பை அடைப்பது. பம்பு அடைபட்டதும் பெர்பெரின் உள்ளே தங்கிவிடுகிறது, பாக்டீரியா வளர முடியவில்லை. ஒன்று ஆயுதம், மற்றது கதவைப் பிடித்துக்கொள்ளும் கை. அந்த நீளமான பெயருக்குள் ஒளிந்திருக்கும் ஹிட்னோகார்ப்பஸ் வேறு ஏதுமில்லை, தொழுநோய்க்கு எண்ணெய் எடுக்கப்பட்ட நம் நீரடிமுத்து இனம்தான். அந்தப் பொருள் முன்பே அதில் சிறு அளவில் கண்டறியப்பட்டிருந்தது.

அதனால் ஒரு சாற்றைப் பிரித்துக்கொண்டே போகும்போது "வீரியம் காணாமல் போய்விட்டது" என்று கைவிடுவதற்குமுன் பிரிந்த பகுதிகளை மறுபடி சேர்த்துப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்கிறேன். செடி தனியாளாகச் சண்டை போடுவதில்லை.

இதே வழியில் மிளகும் வருகிறது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின், ஸ்டஃபிலோகாக்கஸில் சிப்ரோஃப்ளாக்சசினின் வேலையை வலுப்படுத்துகிறது என்று ஜம்மு ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள். பம்பை மறிப்பதுதான் இங்கும் நடக்கிறது. உடனே மிளகு ரசத்தை மாத்திரையோடு குடிக்க வேண்டாம், சோதனையில் பயன்படுத்திய அடர்த்தி ரசத்தால் இரத்தத்தில் வராது.

என் கருத்து இதுதான்: மருந்துக்குக் கேட்காத பாக்டீரியாவுக்கு எதிராகச் செடிகள் தரப்போகும் பெரிய உதவி புதிய ஆன்டிபயாட்டிக்காக இருப்பதைவிட, தோற்றுப்போன பழைய ஆன்டிபயாட்டிக்கை மறுபடி வேலை செய்யவைக்கும் துணைமருந்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கொல்லாமலே பாக்டீரியாவை அடக்க முடியுமா?

முடியும். பாக்டீரியாக்கள் தங்களுக்குள் வேதிப்பொருள் மூலம் சேதி அனுப்பிக்கொள்ளும். போதுமான கூட்டம் சேர்ந்ததும்தான் நஞ்சைக் கக்கத் தொடங்கும். அந்தச் சேதியை மறித்தால் அவை உயிரோடு இருந்தும் கெடுதல் செய்யாது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கசாண்ட்ரா குவேவ் குழு 2017இல் பிரேசிலிய மிளகு மரத்தின் பழச்சாறு எலிகளின் தோலில் எம்.ஆர்.எஸ்.ஏ. புண்ணை இப்படி அடக்குவதைக் காட்டியது.

கிரான்பெர்ரி இன்னொரு வகை. ஈ.கோலை சிறுநீர்ப்பையின் சுவரில் ஒட்டிக்கொள்வதை அதன் டானின்கள் தடுக்கின்றன. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அது மறுபடி வரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்று 2023இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. வந்துவிட்ட தொற்றுக்கு அது மருந்தாகாது. களாக்காயும் கிரான்பெர்ரியும் ஒன்றென்று நினைக்க வேண்டாம், குடும்பமே வேறு.

உண்மையிலேயே ஆன்டிபயாட்டிக்குக்கு ஈடாக எம்.ஐ.சி. எண் காட்டிய செடி ஏதும் உண்டா?

உண்டு. நீலகிரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தவிட்டுப்பழம் தெரிந்திருக்கும். ரோஜா நிறப் பூ, கருஊதா நிறத்தில் சின்னப் பழம், தின்றால் நாக்கு நிறம் மாறும். அந்தச் செடியின் இலையிலிருந்து தாய்லாந்து ஆய்வாளர்கள் எடுத்த ரோடோமிர்ட்டோன் என்ற பொருளுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. மீது எம்.ஐ.சி. மி.லி.க்கு 1 மைக்ரோகிராமை ஒட்டி வருகிறது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் நிற்கும் இடம் அது. பாக்டீரியாவின் சவ்வையே குழப்பிவிடுகிறது என்று பின்னர் தெரிந்தது. மனிதருக்குக் கொடுக்கும் மருந்தாக அது இன்னும் வரவில்லை.

ஸ்டஃபிலோகாக்கஸ் பற்றியே பேசுகிறீர்கள். மருத்துவமனைகளில் பயமுறுத்தும் க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள்?

அங்கேதான் செடிகள் திணறுகின்றன. அவை கிராம் நெகட்டிவ் வகை, வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. அதைத் தாண்டி உள்ளே போனாலும் பலமான பம்புகள் காத்திருக்கும். பம்பை அடைத்துவிட்டுச் சோதித்தால், வலுவற்றவை என்று ஒதுக்கிய பல செடிப்பொருள்கள் கிராம் நெகட்டிவ் மீதும் நன்றாக வேலை செய்தன என்று 2002இல் லூயிஸ் குழு காட்டியது. ஆக ஆயுதம் இருக்கிறது, வாசல்தான் திறக்கவில்லை.

மனிதர்களிடம் எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்குச் சோதித்துப் பார்த்தது ஏதாவது?

ஆஸ்திரேலியாவின் டீ ட்ரீ எண்ணெய் ஒரு நல்ல உதாரணம். 2004இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் டீ ட்ரீ பூச்சு வகைகளால் 41 சதவீதத்தினரிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. நீங்கியது, வழக்கமான சிகிச்சையில் 49 சதவீதம். அவ்வளவு பின்தங்கவில்லை. ஆனால் மூக்குக்குள் குடியிருக்கும் கிருமியை விரட்டுவதில் மியூபிரோசின் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பு 78 சதவீதம், டீ ட்ரீ 47 சதவீதம்தான். நேர்மையான முடிவு. இப்படி மருந்தோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கும் ஆய்வு நம் மூலிகைகளுக்கும் வேண்டும்.

நிலவேம்புக் குடிநீர் குடித்தால் போதாதா?

நிலவேம்பு இங்கே பெயர் பெற்றது டெங்குக் காலத்தில். டெங்கு வைரஸ் நோய். இந்தப் பக்கத்தில் பேசுவது பாக்டீரியா. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆன்டிபயாட்டிக்குக்குப் பழகியது போல மூலிகைக்கும் பாக்டீரியா பழகுமா?

பழகும். "இயற்கைக்கு எதிர்ப்பு வராது" என்று விளம்பரங்களில் வருவது தவறு. பெர்பெரினை இறைக்கும் பம்பைப் பார்த்தோமே, அதே பம்புதான் நார்ஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் இறைக்கிறது. நோர்-ஏ என்ற பெயரே அங்கிருந்து வந்தது. அரைகுறை அளவில் எதைக் கொடுத்தாலும் தப்பிப் பிழைப்பவை பெருகும். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945இல் தன் நோபல் உரையிலேயே அதைப் பற்றி இப்படிச் சொல்லி எச்சரித்தார்.

மூலிகைதானே, கெடுதல் வராதல்லவா?

ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றின் சாற்றுக்கு நல்ல ஜோன் கிடைத்ததாகப் பல கட்டுரைகள் உண்டு. இரண்டும் அரிஸ்டோலோகியா இனம். அந்த இனத்தின் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்க அந்த இனச் செடி கலந்த மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பாக்டீரியாவைக் கொல்லும் பொருள் நம் செல்லையும் கொல்லலாம். செல் நச்சுத்தன்மைச் சோதனை இல்லாமல் "சிறந்த மருந்து" என்று முடிவுரை எழுதுவதை நான் அனுமதிப்பதில்லை.

வேறு மருந்து எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் இரண்டின் அளவையும் பைப்பரின் இரத்தத்தில் கூட்டிவிடும். சமையல் மிளகைச் சொல்லவில்லை, காப்ஸ்யூலாக விற்பதைச் சொல்கிறேன்.

மருத்துவர் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறலாமா?

தயவுசெய்து வேண்டாம். சர்க்கரை நோயுள்ள பாட்டி ஒருவரின் கால் புண்ணிலிருந்து எடுத்த மாதிரி ஒருமுறை எங்களிடம் வந்தது. மூன்று வாரம் மஞ்சளும் பச்சிலையும் அரைத்துக் கட்டியிருக்கிறார்கள். கல்ச்சரில் நான்கு மருந்துகளுக்கு அடங்காத கிருமி வளர்ந்தது. வந்த முதல் வாரமே காட்டியிருந்தால் விரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அறுவை மருத்துவர். அந்தப் பாட்டியின் மகள் எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சித்த மருந்து எடுக்க விரும்பினால் எடுங்கள், ஆனால் இரண்டு மருத்துவர்களுக்கும் மற்றவர் தருவதைச் சொல்லிவிட்டு எடுங்கள். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு போட்ட மருந்தை மருந்துச் சீட்டில்லாமல் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

ப்ராஜெக்ட்டுக்கு எந்தச் செடியை எடுக்கலாம்?

செடியைவிட அதன் அடையாளம் முக்கியம். "கீழாநெல்லி" என்று சந்தையில் கொண்டுவரும் கட்டில் மூன்று நான்கு ஃபில்லாந்தஸ் இனங்கள் கலந்திருக்கும். பூவும் காயும் உள்ள கிளையைப் பாடம் செய்து, கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்திலோ திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்திலோ காட்டிப் பெயரை உறுதி செய்துகொள்ளுங்கள். மரமஞ்சளை மட்டும் விட்டுவிடுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் அளவுக்கு மீறி வெட்டியதால் அந்தக் கொடி அருகிக்கொண்டு வருகிறது. சுத்தமான பெர்பெரினைக் கடையிலேயே வாங்கலாம்.

அப்புறம், ஜோன் விழாத செடிகளையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு வருபவர் அதே செடியோடு ஆறு மாதம் மல்லுக்கட்டாமல் தப்பிப்பார்.

சோதனை முடிந்த தட்டுகளை என்ன செய்வது?

குப்பையில் போடாதீர்கள், வீட்டுக்கும் எடுத்துப் போகாதீர்கள். ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலத்தில் 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில், அரை மணி நேரம் வைத்து எடுத்தபிறகுதான் அப்புறப்படுத்த வேண்டும். அதற்கு வசதியில்லாத ஆய்வகத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ.வை வளர்க்கவே கூடாது.